போர்டு ஏன் மறுபடி தொடங்கியது? பம்ப்செட் கருவி செய்யும் திண்டுக்கல் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்



திண்டுக்கல்லின் பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் படித்துக்கொண்டே, அல்லது படித்து முடித்த கையோடு சின்னதாகப் பட்டறை போட்டு, பம்ப்செட்டுக்குச் செல்போன் ஸ்டார்ட்டர் செய்துவரும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். சிறுமலையின் அடிவாரத்தில் வெள்ளோடு பக்கமானாலும், நத்தம் சாலையில் சாணார்பட்டி, கோபால்பட்டி பக்கமானாலும் தண்ணீர் ஆழத்தில் கிடக்கிறது. மும்முனைக் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்பது விவசாயி கையில் இல்லை. ராத்திரியில் கரண்ட் வந்தால் டார்ச் லைட்டோடு வரப்பில் நடந்துபோய் மோட்டார் போட வேண்டிய நிலையை மாற்றியது செல்போன் ஸ்டார்ட்டர்தான். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. வேளாண்மைப் பொறியியல் துறை இந்தக் கருவிக்கு மானியம் கொடுத்த திட்டமும் உண்டு. ஆகவே நீங்கள் செய்வது விளையாட்டுச் சாமான் இல்லை. அந்த மதிப்போடுதான், இந்தத் தொழிலில் பரவலாகிவிட்ட ஒரு பழக்கத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். கருவி திடீரென்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினாலோ உறைந்து நின்றாலோ, “ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும் பழக்கம் அது. மேசையில் வைத்துச் சோதிக்கும்போதும் இதையேதான் செய்கிறோம்: ரீசெட் பொத்தானை அழுத்துகிறோம், ஓடுகிறது, விட்டுவிடுகிறோம். என் வாதம் இதுதான். ஒவ்வொரு ரீசெட்டும் தான் ஏன் நடந்தது என்பதற்கான தடயத்தை விட்டுச்செல்கிறது. எந்த ரீசெட் எந்தத் தடயத்தை அழிக்கும் என்று தெரியாமல் பொத்தானை அழுத்துகிறவர், தான் தேடும் பிழையைத் தானே மறைத்துவிடுகிறார்.

ரீசெட் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உள்ளே நடப்பது பல வகை. மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி கொடுத்தால் சிப்பின் ராம் முழுதும் குப்பையாகிவிடும். கூடவே போர்டில் உள்ள சென்சார், ஜிஎஸ்எம் மாட்யூல், வெளி நினைவகம் எல்லாமும் புதிதாகத் தொடங்கும். ரீசெட் முனையைத் தரையோடு இணைத்தால் சிப் மட்டும் புதிதாகத் தொடங்கும்; அதன் ராம் பெரும்பாலும் இருந்தபடியே இருக்கும், பக்கத்திலிருக்கும் மாட்யூல்களுக்கோ எதுவும் நடந்ததே தெரியாது. புரோகிராம் உறைந்தால் எழுப்பிவிடும் வாட்ச்டாக் தூண்டும் ரீசெட்டும், புரோகிராமே கேட்டு வாங்கும் ரீசெட்டும் இதே வகைதான். கோர்டெக்ஸ்-எம்3, எம்4 சிப்புகளில் இன்னொரு நுணுக்கம் உண்டு: சிப் முழுவதையும் ரீசெட் செய்யும் கட்டளை ஒன்று, கருவை மட்டும் ரீசெட் செய்யும் கட்டளை மற்றொன்று. இரண்டாவது கட்டளையைக் கொடுத்தால் டைமரும் டிஎம்ஏவும் ஓடிக்கொண்டே இருக்கும்; புரோகிராம் முதல் வரியிலிருந்து தொடங்கியிருக்க, பழைய டிஎம்ஏ ராமில் எழுதிக்கொண்டிருக்கும். ஆர்டுயினோவில் மாணவர்கள் பலர் செய்யும் காரியம், புரோகிராமை முகவரி 0-க்குத் தாவச் சொல்வது. அதைச் சாஃப்ட் ரீசெட் என்கிறார்கள். உண்மையில் அது ரீசெட்டே ஆகாது. ரெஜிஸ்டர் ஒன்றும் மாறுவதில்லை, வாட்ச்டாக் ஓடிக்கொண்டிருந்தால் ஓடிக்கொண்டே இருக்கும். ஐ2சி தடத்தில் சென்சாரைப் படித்துக்கொண்டிருக்கும் நடுவில் சிப் மட்டும் ரீசெட் ஆனால், சென்சார் தன் அடுத்த பிட்டைச் சொல்லிமுடிக்கக் காத்துக்கொண்டு தகவல் கம்பியைத் தாழ்நிலையில் பிடித்தபடி நிற்கும். சிப் எத்தனை முறை புதிதாகத் தொடங்கினாலும் அந்தத் தடம் விடுபடாது. கடிகாரக் கம்பியில் 9 துடிப்பு கொடுத்தால் விடுபட்டுவிடும். இது தெரியாதவர், “ரீசெட் அழுத்தினால் சரியாகவில்லை, ஆனால் கரண்டை நிறுத்திப் போட்டால் சரியாகிறது” என்று பார்த்ததும் சிப் கெட்டுவிட்டதாக முடிவுகட்டி மாற்றிவிடுவார். தெரிந்தவருக்கோ அந்த ஒரு வித்தியாசமே போதும். பிழை சிப்புக்கு வெளியே இருக்கிறது என்று அது சொல்லிவிடுகிறது.

அந்தத் தடயத்தைச் சிப்பே எழுதி வைத்திருக்கிறது, அதற்காகக் காசு கூடச் செலவில்லை. அட்மெகா328பி-யில் எம்சியுஎஸ்ஆர் என்ற ஒரு பைட் ரெஜிஸ்டர் இருக்கிறது. மின்சாரம் வந்ததால் தொடங்கியதா, வெளி முனையாலா, மின்னழுத்தம் சரிந்ததாலா, வாட்ச்டாக் கடித்ததாலா என்று நான்கு பிட்டுகள் சொல்லும். எஸ்டிஎம்32-இல் ஆர்சிசி சிஎஸ்ஆர் ரெஜிஸ்டர் அதையே இன்னும் விரிவாகச் சொல்லும். இஎஸ்பி32-இல் ஒரு ஃபங்ஷனை அழைத்தால் காரணம் எண்ணாகவே கிடைக்கும். ஆனால் படிப்பதற்கு முறை உண்டு. அட்மெகாவிலும் எஸ்டிஎம்32-இலும் இந்தப் பிட்டுகள், அதாவது கொடிகள், ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். படித்தவுடன் நாமே துடைக்காவிட்டால் நேற்றைய காரணமும் இன்றைய காரணமும் கலந்துபோகும். எஸ்டிஎம்32 எஃப்103-இல் உள்ளிருந்து வரும் ரீசெட்டும் ரீசெட் முனையைத் தாழ்த்துவதால், எந்த ரீசெட் நடந்தாலும் ‘முனை’ என்ற கொடி கூடவே ஏறிவிடும். அதை முதலில் பார்க்கிறவர் எல்லாப் பழியையும் பொத்தான்மேல் போட்டுவிடுவார். மற்றக் கொடிகளைப் பார்த்துவிட்டு, எதுவும் இல்லை என்றால் மட்டுமே அதை நம்ப வேண்டும். அட்மெகாவில் வாட்ச்டாக் ரீசெட்டுக்குப் பிறகு வாட்ச்டாக் அணைவதில்லை; மிகக் குறுகிய அவகாசத்தோடு, ஏறக்குறைய 16 மில்லி விநாடியில், மறுபடி கடிக்கக் காத்திருக்கும். பழைய ஆர்டுயினோ பூட்லோடர்கள் இதைக் கவனிக்காததால் போர்டு முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பின்னர் வந்த ஆப்டிபூட் அதைச் சரிசெய்தது. ஆனால் அதன் பல பதிப்புகள் எம்சியுஎஸ்ஆரைத் துடைத்தும் விடுகின்றன; சில பதிப்புகள் பழைய மதிப்பை ஆர்2 ரெஜிஸ்டரில் விட்டுவைக்கின்றன. உங்கள் புரோகிராமில் எப்போது பார்த்தாலும் 0 வருகிறதே என்று குழம்புகிறவர்களுக்கு விடை அங்கே இருக்கிறது.

இதை நம் வயலில் வைத்துப் பாருங்கள். மூன்று விதமான கோளாறை எடுத்துக்கொள்கிறேன். நேரடியாக இணைத்த இன்டக்‌ஷன் மோட்டார் கிளம்பும் கணத்தில் தன் முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல 5 முதல் 7 மடங்கு இழுக்கும். டிரான்ஸ்ஃபார்மருக்கு வெகுதூரத்தில், கம்பியின் கடைசியில் இருக்கும் கிணற்றில் அந்த நேரம் மின்னழுத்தம் சரியும், கருவியின் 5 வோல்ட்டும் கூடவே சரியும். இது முதலாவது. மோட்டார் நிற்கும்போது காண்டாக்டரின் சுருள் துண்டிக்கப்பட்டு எழும் உயர் மின்னழுத்தத் துடிப்பு, நீளமாக இழுத்த ரீசெட் பொத்தான் கம்பியில் ஏறிக்கொள்ளும். இது இரண்டாவது. வழக்கத்தைவிட நீளமான ஒரு குறுஞ்செய்தி வந்து, அதைப் படிக்கும் புரோகிராம் ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதி, சுழலில் மாட்டிக்கொண்டு வாட்ச்டாக் கடிப்பது மூன்றாவது. விவசாயியின் கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான்: விளக்கு அணைந்து எரிந்தது, மோட்டார் ஓடவில்லை. உங்கள் கண்ணுக்கும் ஒன்றுதான், கொடியைப் படிக்காதவரை. முதலாவதற்கு வேண்டியது தாராளமான பவர் சப்ளையும் பெரிய கெப்பாசிட்டரும். இரண்டாவதற்கு வேண்டியது காண்டாக்டர் சுருளின் குறுக்கே ஆர்சி ஸ்னப்பரும், ரீசெட் முனையில் 10 கிலோ ஓம் இழுப்பு மின்தடையும் 100 நானோ ஃபாரட் கெப்பாசிட்டரும். மூன்றாவதற்கு வேண்டியது புரோகிராமில் ஒரு வரித் திருத்தம். ஒன்றின் மருந்து மற்றதற்குப் பலிக்காது. காரணம் பார்க்காமல் மூன்றுக்கும் கெப்பாசிட்டர் மாற்றிக்கொண்டிருந்தால் ஒரு பருவமே போய்விடும்.

“மின்னழுத்தம் சரிந்தால் சிப்பை நிறுத்தும் பிரவுன்-அவுட் கண்காணிப்பை அணைத்துவிட்டால் ரீசெட்டே வராதே” என்று சிலர் கேட்கிறார்கள். இஎஸ்பி32-இல் அதை அணைக்கும் ஒற்றை வரி ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறிக்கொண்டே இருக்கிறது. ரீசெட்டுக்கு மூலகாரணம் அந்தக் கண்காணிப்பு இல்லை; சப்ளை போதவில்லை என்ற உண்மையை அது சொல்கிறது. அதை அணைத்தால் சிப், தயாரிப்பாளர் உறுதி கொடுக்காத மின்னழுத்தத்தில் ஓடும். கட்டளையைத் தவறாகப் படிக்கலாம், நினைவகத்தில் தவறாக எழுதலாம். அட்மெகா328பி வைத்த ஆர்டுயினோ ஊனோவைப் பாருங்கள். அதன் சிப் 16 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. தரவுத்தாளின்படி 10 மெகாஹெர்ட்ஸுக்கு 2.7 வோல்ட், 20-க்கு 4.5 வோல்ட், நடுவில் கோடு போட்டால் 16-க்கு ஏறக்குறைய 3.8 வோல்ட் வேண்டும். ஊனோவோடு வரும் அமைப்பிலோ பிரவுன்-அவுட் எல்லை 2.7 வோல்ட். ஆக 3.8-க்கும் 2.7-க்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் சிப் ரீசெட்டும் ஆகாது, சரியாக ஓடும் என்ற உத்தரவாதமும் இல்லை. வகுப்பறை மேசையில் அந்தப் பள்ளத்தில் யாரும் விழுவதில்லை. கம்பியின் கடைசிக் கிணற்றில் தினம் விழலாம். எல்லையை 4.3 வோல்ட்டுக்கு உயர்த்தினால் ரீசெட் அதிகமாகத்தான் வரும். வரட்டும், அப்போதுதான் சப்ளையைத் திருத்துவோம். இதில் ஜிஎஸ்எம் மாட்யூலையும் மறக்கக்கூடாது. சிம்800 வகை மாட்யூல் டவரோடு பேசும் கணத்தில் 2 ஆம்பியர்வரை இழுக்கும். மோட்டாரே ஓடாத நேரத்தில், குறுஞ்செய்தி அனுப்பும்போது மட்டும் ரீசெட் ஆகும் போர்டுகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

ரீசெட்டின்போது ரிலேவுக்கு என்ன ஆகிறது என்பதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன், ஏனென்றால் அங்கே ஆள் இருக்கிறார். சிப் ரீசெட்டில் இருக்கும்போது அதன் முனைகள் எதையும் இழுக்காமல் மிதக்கும். ரிலேயை ஓட்டும் டிரான்சிஸ்டரின் பேஸில் கீழிழுக்கும் மின்தடை இல்லையென்றால் அது என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. கடையில் கிடைக்கும் மலிவான ரிலே மாட்யூல்களில் பல, முனை தாழ்ந்தால் இழுக்கும் வகை. அட்மெகாவின் வெளியீட்டு ரெஜிஸ்டர் ரீசெட்டில் 0 ஆகிவிடும். அதன்பின் முனையை வெளியீடாக மாற்றிவிட்டு அடுத்த வரியில் உயர்த்தினால், அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே ரிலேவுக்கு ‘இழு’ என்ற கட்டளை போய்விடுகிறது. முதலில் உயர்த்தி எழுதிவிட்டுப் பிறகு வெளியீடாக்கினால் இந்தக் கட்டளை போகாது. வரிசை மாறிய இரண்டு வரிகள், அவ்வளவுதான். அந்த இடைவெளியில் தாமதம் எதுவும் சேர்ந்துகொண்டால், போர்டு சுற்றிச் சுற்றி ரீசெட் ஆகும்போதெல்லாம் காண்டாக்டர் அடித்து அடித்து விடும். பீஸ் கட்டையைப் பிடுங்காமல், மோட்டார் நிற்கிறதே என்று கிணற்றுமேட்டில் பெல்ட்டையோ கப்ளிங்கையோ தொட்டுக்கொண்டிருப்பவரை நினைத்துப் பாருங்கள். ரீசெட்டுக்குப் பிறகு மோட்டார் தானாக ஓட வேண்டுமா, கேட்டுவிட்டு ஓட வேண்டுமா என்பதும் இதே கேள்விதான். கரண்ட் வந்ததால் தொடங்கியிருந்தால் ஆட்டோ முறைப்படி சில நிமிடம் பொறுத்து ஓடலாம். வாட்ச்டாக் கடித்துத் தொடங்கியிருந்தால், தன் நிலையே தெரியாமல் போன ஒரு புரோகிராம் அது; மோட்டாரை அதன் பொறுப்பில் விடக்கூடாது, நிறுத்தியபடி செய்தி அனுப்ப வேண்டும். காரணம் தெரியாமல் இந்தப் பாகுபாட்டை எழுதவே முடியாது.

இனி வலுவான மறுப்புக்கு வருகிறேன். “வாட்ச்டாக் வைத்திருக்கிறோம். உறைந்தால் அதுவே எழுப்பிவிடும். விவசாயிக்குத் தண்ணீர் வந்தால் போதும், காரணம் எதற்கு?” இது பொறுப்பற்ற பேச்சு இல்லை, ஆளில்லாத இடத்தில் ஓடும் கருவிக்கு வாட்ச்டாக் இருந்தே ஆக வேண்டும். ஆனால் 1997 ஜூலை 4-ஆம் தேதி செவ்வாயில் இறங்கிய மார்ஸ் பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கதையைக் கவனியுங்கள். இறங்கிச் சில நாளிலேயே அதன் கணினி தானாக ரீசெட் ஆகத் தொடங்கியது. வானிலைத் தகவல் சேகரிக்கும் தாழ்ந்த முன்னுரிமைப் பணி ஒரு பொதுப் பூட்டைப் பிடித்திருக்கும். அதே பூட்டுக்காக உயர்ந்த முன்னுரிமைப் பணி காத்திருக்கும். நடுத்தர முன்னுரிமைப் பணிகள் வந்து தாழ்ந்ததை ஓடவிடாமல் செய்யும். உயர்ந்த பணி நேரத்துக்குள் முடியவில்லை என்று கண்டு கணினி தன்னை ரீசெட் செய்துகொள்ளும். ரீசெட் கலத்தைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் பிழையைக் கண்டுபிடிக்க உதவியது ரீசெட் இல்லை. நிகழ்வுகளைப் பதிவுசெய்யும் வசதியோடு பூமியில் வைத்திருந்த மாதிரிக் கலத்தை ஓடவிட்டு, அதே ரீசெட்டை அங்கே வரவழைத்ததுதான். முன்னுரிமையை இரவல் கொடுக்கும் அமைப்பை இயக்கிவிட்டதும் சரியானது. இதில் என்னை உறுத்துவது வேறொன்று: ஏவுவதற்கு முன் பூமியில் நடந்த சோதனைகளிலேயே அந்த ரீசெட் தலைகாட்டியிருந்தது. விளக்கம் கிடைக்காமல் ஒதுக்கிவைக்கப்பட்டது.

நம் மலையே இதற்கு ஒரு சாட்சி வைத்திருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை மலைவாழை, 1970-களில் முடிக்கொத்து நோயால் ஏறக்குறைய அற்றுப்போனது. மரம் பட்டால் பக்கக் கன்றை எடுத்து நடுவதுதான் வழக்கம். வாழைக்கு அதுதான் மறுதொடக்கம். ஆனால் அசுவினிப் பூச்சி பரப்பும் அந்த வைரஸ் கிழங்குக்குள்ளேயே இருந்ததால் கன்றோடு நோயும் சேர்ந்து நடப்பட்டது. திசு வளர்ப்பு முறையில் வைரஸ் இல்லாத கன்றுகளை உண்டாக்கிய பிறகுதான் மீட்புக்கு வழி பிறந்தது. காரணம் பார்க்காத வாட்ச்டாக் ரீசெட், நோய்க்கிழங்கை மறுபடி நடுவதைப் போன்றதே. அதிலும் வாட்ச்டாக்குக்குத் தீனி போடும் வரியை டைமர் இன்டரப்டுக்குள் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிரதான சுழல் செத்துக் கிடந்தாலும் இன்டரப்ட் உயிரோடு தீனி போட்டுக்கொண்டிருக்கும். அது காவல் இல்லாத காவல்.

டீபக்கரைச் செருகினால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டீபக்கர் இருக்கும்போது சிப் வேறு சிப்பாகிவிடுகிறது. எஸ்டிஎம்32-இல் டீபக் அமைப்பு தூக்க நிலையிலும் கடிகாரத்தை ஓடவைக்கலாம். புரோகிராம் நிற்கும்போது வாட்ச்டாக்கையும் நிறுத்திவைக்கலாம். அந்த அமைப்பை வைத்திருக்கும் ரெஜிஸ்டர் சாதாரண ரீசெட்டில் அழியாது, மின்சாரத்தைத் துண்டித்தால்தான் அழியும். ஆகவே டீபக்கரைக் கழற்றியபின்னும், கரண்டை நிறுத்திப் போடாமல் செய்த சோதனையை நம்பக்கூடாது. எதிர்த் திசையில், டீபக்கருக்கு ரீசெட்டால் ஒரு பயனும் உண்டு. புரோகிராம் தொடங்கியவுடன் டீபக் முனைகளை வேறு வேலைக்கு மாற்றிவிட்டாலோ ஆழ்ந்து தூங்கிவிட்டாலோ டீபக்கரால் உள்ளே நுழையவே முடியாது. ரீசெட் முனையைத் தாழ்த்திப் பிடித்தபடி இணைந்து, முதல் கட்டளையிலேயே கருவை நிறுத்த வேண்டும். இதற்கு ரீசெட் கம்பி டீபக்கரிலிருந்து சிப்புக்குப் போயிருக்க வேண்டும். மலிவான நகல் டீபக்கர்கள் பலவற்றில் அந்த முனை இந்த வேலையைச் செய்வதில்லை. செத்துவிட்டதாகத் தூக்கிப்போட்ட போர்டுகளில் எத்தனை இதனால் போயினவோ!

“இதற்கெல்லாம் நினைவகமும் நேரமும் எங்கே இருக்கிறது?” என்ற மறுப்பில் பாதி உண்மை உண்டு, அந்தப் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு ரீசெட்டையும் யோசிக்காமல் ஈப்ராமில் எழுதினால், ஒரு விநாடிக்கு ஒருமுறை சுற்றும் போர்டு, 1,00,000 முறை எழுதலாம் என்று தரவுத்தாள் உறுதிசொல்லும் இடத்தை 28 மணி நேரத்தில் தீர்த்துவிடும். ஆகவே வழி வேறு. தொடக்கத்தில் துடைக்கப்படாத ராம் பகுதி ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். அங்கே ஓர் அடையாள எண், காரணத்துக்கு ஒரு எண்ணிக்கை, சரிபார்ப்புத் தொகை, பிழை நடந்த கணத்தின் புரோகிராம் முகவரி ஆகியவை இருக்கட்டும். 20 பைட்டுக்குள் முடிந்துவிடும். அடையாள எண்ணும் தொகையும் பொருந்தினால் பதிவு உண்மை. பொருந்தாவிட்டால் பெரும்பாலும் மின்சாரம் போய் வந்திருக்கிறது. போர்டு 10 நிமிடம் நிலையாக ஓடிய பிறகு மட்டும் அதை ஈப்ராமுக்கு மாற்றுங்கள். ஒரு மாலை நேர வேலை இது.

மறுதொடக்கத்தை ஒழுங்காகச் செய்ததற்கு 1969 ஜூலை 20-ஐவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அப்போலோ 11 நிலவில் இறங்கும் அந்த நிமிடங்களில் கணினி பலமுறை தன்னை மறுபடி தொடங்கிக்கொண்டது. சந்திப்பு ராடாரின் இணைப்பு வேண்டாத துடிப்புகளை அனுப்பிக் கணினியின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது. அவசரமில்லாத பணிகளைக் கைவிட்டு, இறங்குவதற்கு வேண்டியதை மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி அந்த மறுதொடக்கத்தை முன்கூட்டியே எழுதிவைத்திருந்தார்கள். கூடவே காரணத்தை ஒரு எண்ணாகவும் காட்டியது: 1202, பிறகு 1201. விண்வெளி வீரர்கள் அதை வாய்விட்டுப் படித்தார்கள். ஹூஸ்டனில் அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று தெரிந்த இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தொடரலாம் என்று சொன்னார்கள்.

உங்கள் கருவியில் திரை இல்லாமல் இருக்கலாம், ஒரு எல்இடி கட்டாயம் இருக்கும். தொடங்கியதும் அது மின்சாரம் வந்ததென்றால் ஒருமுறை, மின்னழுத்தம் சரிந்ததென்றால் இரண்டு முறை, வாட்ச்டாக் என்றால் மூன்று முறை, வெளி முனை என்றால் நான்கு முறை மின்னட்டும். பெட்டி மூடியின் உட்புறம் தமிழில் நான்கு வரி ஒட்டிவிடுங்கள். வெள்ளோட்டிலிருந்து ஒருவர் ராத்திரி போன் செய்து, “தம்பி, மூணு தடவை மின்னுது” என்று சொன்னால், கெப்பாசிட்டரைத் தூக்கிக்கொண்டு வண்டியேற வேண்டியதில்லை. மோட்டாரைக் கையால் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, லேப்டாப்பைத் திறந்து, குறுஞ்செய்தி படிக்கும் ஃபங்ஷனிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்.

அன்புடன்,
சிறுமலை அடிவாரத்திலிருந்து